பூட்டிய வீடும் வெட்டப்பட்ட பெயரும்



சென்ற மாதம் எங்கள் கூட்டமொன்றில் ஒரு சகோதரி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய கணவர் காணாமற்போனவர். இரண்டு பெண்பிள்ளைகள். தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு, வீட்டுத்திட்டப் பட்டியலில் தன் பெயர் வருமா என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

"அக்கா, அவையளுக்குப் புத்தளத்தில வீடு இருக்கு. இஞ்சயும் வந்து வீடு கேக்கினம். குடுத்தாப் பூட்டிப்போட்டுத் திரும்பப் புத்தளத்துக்குப் போயிடினம். நாங்கள் போக இடமில்லாமல் இஞ்சயே கிடக்கிறம். இது நியாயமோ?"

அவர் 'அவையள்' என்றது 1990 ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பின்னர் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களை. கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இருந்த இரண்டு முஸ்லிம் சகோதரிகள் ஒன்றும் பேசவில்லை.

கேள்வி கேட்டவரை நான் குறை சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் இழந்து நிற்கும் ஒரு பெண், தனக்குக் கிடைக்காதது இன்னொருவருக்குக் கிடைப்பதைக் கண்டால் கேட்கத்தான் செய்வாள். "எல்லோரும் ஒற்றுமையாக இருக்க வேண்டும்" என்று சொல்லி அவரை உட்காரவைப்பது மரியாதை ஆகாது. அன்று நேரம் போதவில்லை. ஆகவே இம்மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் அந்தக் கேள்விக்கே தருகிறேன்.

வலிகாமத்தைச் சேர்ந்த வாசகியர் ஒக்டோபர் 30 ஆம் திகதியை மறக்கமாட்டார்கள். 1995 ஆம் ஆண்டு அன்றிரவுதான், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தால் நெரிபட்டுத் தென்மராட்சிக்குப் போனோம். நானும் அந்தச் சனத்துக்குள் இருந்தவள். அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, சரியாக ஐந்து வருடங்களுக்கு முன்னர், 1990 இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் உத்தரவினால் வெளியேற்றப்பட்டார்கள். கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் பணமும் வீட்டு உறுதியும் பறிபோக, உடுத்த உடுப்போடு போனார்கள். சாவகச்சேரி முஸ்லிம்கள் அதற்கு முன்னரே அனுப்பப்பட்டுவிட்டார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் சில பகுதிகள் எல்லாம் அதே மாத இறுதிக்குள் முடிந்துவிட்டன. மொத்தம் 70,000க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் மன்னார் மாவட்டத்தவர்கள்.

நாங்கள் 1996 ஏப்ரலிலும் மேயிலும் திரும்பிவிட்டோம். இடைப்பட்டது ஆறு மாதம். கூரை போயிருந்தது, கதவு போயிருந்தது, ஆனால் போன குடும்பம் அப்படியே வந்தது. பிள்ளை விட்ட வகுப்பிலிருந்து தொடர்ந்தான். சோனகத் தெருவில் இருந்தவர்களில் சிலர் 2002 சமாதான காலத்தில் வந்து பார்த்தார்கள். மற்றவர்களுக்கு 2009 இல் யுத்தம் முடிந்த பிறகுதான் வழி திறந்தது. பத்தொன்பது வருடம். 1990 இல் தாயின் இடுப்பில் இருந்து போன பெண்பிள்ளை, 2009 இல் தன் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கும்.

அந்தப் பத்தொன்பது வருடமும் அவர்கள் இருந்த இடம் பெரும்பாலும் புத்தளம் மாவட்டம். கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, பாலாவி, தில்லையடி என்று கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. தொடக்கத்தில் புத்தளத்து மக்கள் அவர்களைத் தாங்கினார்கள். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் இடம் கொடுத்தார்கள், வீடுகளில் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள், தென்னங்காணி வைத்திருந்தவர்கள் கொட்டில் போட விட்டார்கள். சில மாதத்தில் திரும்பிவிடுவார்கள் என்றுதான் இரு பகுதியாரும் நினைத்தார்கள்.

மாதம் வருடமானது. அதற்குப் பிறகு நடந்ததை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அதே கதையைத்தான் இப்போது எங்கள் தெருவிலும் காண்கிறோம்.

முகாமுக்கு நிவாரண லொறி வரும். அரிசி, மா, பருப்பு, சீனி இறங்கும். வேலிக்கு அப்பால் உள்ளூர் ஏழைப் பெண்ணொருத்தி நின்று பார்ப்பாள். அவளுடைய கொட்டிலும் கிடுகுதான், அவளுடைய பிள்ளைக்கும் பசிதான். ஆனால் அவளுக்கு அட்டை இல்லை. வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் அவள் செய்துவந்த கூலி வேலைக்கு இப்போது பத்துப் பேர் நின்றார்கள். நிவாரணம் எடுப்பவர்கள் குறைந்த கூலிக்கும் வரச் சம்மதித்தார்கள், வேறு வழியில்லை. கூலி இறங்கியது. கிணற்றில் தண்ணீருக்கு வரிசை நீண்டது. வகுப்பறையில் வாங்கு போதவில்லை. ஒரே மதம், ஒரே மொழி, ஒரே பள்ளிவாசல். அப்படியிருந்தும் 'அகதி' என்ற சொல் வசையாக மாறியது. இனம் வேறு என்பதால்தான் யாழ்ப்பாணத்தில் மனக்கசப்பு வருகிறது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். கசப்பின் வேர் அநேகமாக லொறியிலும் கிணற்றிலும் பட்டியலிலும்தான் இருக்கிறது.

அந்தக் கசப்பைக் குறைத்த ஒரு காரியமும் புத்தளத்தில் நடந்தது. 2007 இல் உலக வங்கியின் நிதியோடு அங்கே ஒரு வீட்டுத்திட்டம் தொடங்கியது. இடம்பெயர்ந்தவர்களுக்கு மட்டும் என்று அதை வைக்கவில்லை. அயலில் இருந்த உள்ளூர் ஏழைக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டார்கள், குடிநீர், மலசலகூட வசதிகளும் இரு பகுதியாருக்கும் போய்ச் சேர்ந்தன. திட்டம் போட்டவர்கள் வேலிக்கு அப்பால் நின்ற பெண்ணையும் கண்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வந்த எத்தனையோ திட்டங்களில் இந்தச் சிறிய புத்தி இருக்கவில்லை. 'மீளக்குடியேறியோர்' என்று தலைப்புப் போட்டு உதவி வரும். இடம்பெயராமல் இங்கேயே கிடந்து தேய்ந்தவளுக்கு அந்தத் தலைப்புக்குள் இடமில்லை. பிறகு அவள் பக்கத்து வளவுக்காரியைப் பார்த்துக் கோபப்படுகிறாள், தலைப்புப் போட்டவரோ கொழும்பில் இருக்கிறார்.

இனி, கேள்விக்கு வருவோம். "அவையளுக்குப் புத்தளத்தில வீடு இருக்கு."

உண்மை, பலருக்கு இருக்கிறது. எப்படிப்பட்ட வீடு என்பதையும் பார்க்க வேண்டும். பத்துப் பேர்ச் அளவு துண்டுக் காணியில் இரண்டு அறை வீடு. அதில் உம்மா, வாப்பா, கலியாணம் செய்த மூன்று மகள்மார், அவர்களுடைய கணவன்மார், பிள்ளைகள். எங்கள் பகுதியில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதும் வழக்கம் இருக்கிறதல்லவா? 1990 இல் யாழ்ப்பாணத்தில் வீடு வைத்திருந்த தாய், அதை மகளுக்கு எழுத நினைத்திருப்பாள். அது போன பிறகு, புத்தளத்தில் வாங்கிய துண்டுக் காணியில் அறை அறையாகத் தடுத்து மகள்மாரை இருத்தினாள்.

2009 இன் பின்னர் இவர்கள் திரும்பியபோது கந்தோரில் சொல்லப்பட்டது: "1990 இல் இங்கேயிருந்து போனது ஒரு குடும்பம். இப்போது நான்கு குடும்பமாக வந்து காணி கேட்கிறீர்களே." அவர்களும் என்ன செய்வார்கள், சகோதரிகளே? பத்தொன்பது வருடம் பிள்ளைகள் வளராமல் நின்றிருக்க வேண்டுமா? பழைய இடாப்பில் ஒரு பெயர், முன்னால் நிற்பது நான்கு தாய்மார். வன்னியிலிருந்து வந்த எங்கள் குடும்பங்களுக்கும் இதே சிக்கல் வந்தது. 'உப குடும்பம்' என்று எழுதி, காணியில்லாதவர்கள் பட்டியலில் போட்டு, அந்தப் பட்டியல் இன்றைக்கும் முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2009 இன் பின்னர் உதவிகள் வந்தபோது இடம்பெயர்ந்தவர்களை 'பழையவர்', 'புதியவர்' என்று இரண்டாகப் பிரித்தார்கள். 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் புதியவர்கள். மெனிக் பாம் போன்ற முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேரை வீடு சேர்ப்பது அப்போதைய அவசரம். அது தவறென்று நான் சொல்லமாட்டேன், முள்வேலிக்குள் இருந்தவர்களுக்கு முதலிடம் கொடுக்கத்தான் வேண்டும். திரும்பிய குடும்பத்துக்குத் தொடக்க உதவியாக 25,000 ரூபா, கூரைத் தகடு, சில மாத உலர் உணவு என்று கொடுத்தார்கள். 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. அதோடு 'இடம்பெயர்ந்தோர் பிரச்சினை முடிந்தது' என்ற பேச்சும் வந்துவிட்டது. பழையவர்களின் முறை வரும்போது உதவி நிறுவனங்கள் பெட்டியைக் கட்டத் தொடங்கியிருந்தன. எங்கள் வலிகாமம் வடக்கு மக்களும் அந்தப் 'பழையவர்' கூட்டத்தில்தான் இருந்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இப்போது கேள்வியின் அடுத்த பகுதி: "வீட்டைப் பூட்டிப்போட்டுத் திரும்பப் போயிடினம்."

இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மீளக்குடியேற்றக் கொள்கையின் கோளாறு முழுவதும் இந்த ஒரு பூட்டில் தொங்குகிறது என்றே சொல்வேன்.

திரும்பி வர விரும்பும் குடும்பம் முதலில் புத்தளத்தில் தன் பதிவை வெட்டிக்கொண்டு வர வேண்டும். வெட்டினால் அங்கே நிவாரணம் இல்லை, அங்கே குடியிருப்பாளர் என்ற உரிமையும் இல்லை. இங்கே பதிந்தால், தொடர்ந்து குடியிருக்க வேண்டும். விதானையார் வந்து பார்க்கும்போது கதவு பூட்டியிருந்தால் 'இங்கு வசிப்பதில்லை' என்று குறிப்பு. அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது. அதாவது, ஒரு திங்கட்கிழமை புத்தளத்தாளாக இருந்தவள் செவ்வாய்க்கிழமை முழுமையாக யாழ்ப்பாணத்தாளாகிவிட வேண்டும்.

வாழ்க்கை அப்படி நடப்பதில்லை. இங்கே வந்து பார்த்தால் கூரையில்லாத சுவர், கிணற்றுக்குள் ஆல மரம், சில வளவுகளில் வேறு குடும்பம். கணவன் முதலில் தனியே வந்து தையல் கடையோ பழைய இரும்பு வியாபாரமோ தொடங்கிப் பார்க்கிறான். மூத்த பிள்ளை புத்தளத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறது. பரீட்சை முடியும்வரை பாடசாலை மாற்ற எந்தத் தாய் சம்மதிப்பாள்? உம்மாவுக்கு மாதாமாதம் கிளினிக் புத்தளத்தில். ஆகவே அவள் இரு ஊரிலும் கால் வைத்து நிற்கிறாள். இரவு பஸ் ஏறி வருகிறாள், நான்கு நாள் நின்று வளவைத் துப்புரவாக்குகிறாள், கந்தோருக்குப் போகிறாள், திரும்பிப் போகிறாள். அந்தச் செலவுக்கு வெங்காயத் தோட்டத்தில் எத்தனை நாள் கூலிக்குக் குனிய வேண்டும் என்று அவளைக் கேட்டால்தான் தெரியும். அவள் போன மறுநாள் விதானையார் வந்து பூட்டைப் பார்க்கிறார்.

எங்கள் சொந்தங்களில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது? ரொறன்ரோவில் இருக்கும் மகன் வரும்வரை, கொழும்பில் படிக்கும் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்வரை. அவர்கள் வீட்டுத்திட்டம் கேட்கவில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீட்டுத்திட்டம் எடுத்துவிட்டு, பிள்ளைகளின் ரியூசனுக்காக யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களைப் பார்த்து "நீ வன்னியாளில்லை" என்று யாரும் சொல்வதில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. புத்தளத்திலும் கொழும்பிலும் வசதியாக வியாபாரம் செய்துகொண்டு, இங்கே பதிந்து, வீட்டுத்திட்டத்தையும் எடுத்து வாடகைக்கு விட்டவர்கள் இருக்கிறார்கள். தமிழரிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க விதிமுறை வேண்டும். ஆனால் பூட்டைப் பார்த்து வெட்டும் முறையில் அந்த வியாபாரி அகப்படமாட்டார். அவர் ஒருவரைக் காவலுக்கு இருத்திவிடுவார். அகப்படுவது இரவு பஸ்ஸில் போய்வரும் அந்தத் தாய்தான்.

வாக்குரிமையும் இதே பூட்டில்தான். இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் பழைய ஊரிலேயே வாக்காளராகப் பதிய வழிசெய்யும் விசேட சட்டமொன்று 2013 இல் வந்தது. நல்ல காரியம். ஆனால் வாக்குப் போட ஒவ்வொரு முறையும் பயணம். 2019 நவம்பர் 16 ஆம் திகதி, சனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றவர்களின் பஸ் வண்டிகளைத் தந்திரிமலைப் பகுதியில் வழிமறித்து, கல்லெறிந்து, சுட்டார்கள். அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் இல்லை. அந்தப் பஸ்களில் பெண்களும் இருந்தார்கள். தன் ஊரில் ஒரு புள்ளடி போடுவதற்கு இவ்வளவு.

உலகத்தில் இதற்கு நெறிமுறை இல்லாமல் இல்லை. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி 1998 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகள் இருக்கின்றன. ஊருக்குத் திரும்புவதா, இருக்கும் இடத்தோடு கலந்து வாழ்வதா, வேறோர் இடத்துக்குப் போவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் இடம்பெயர்ந்தவரே. 2010 இல் ஐ.நா. நிறுவனங்கள் கூட்டாக வெளியிட்ட சட்டகம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: இருக்கும் இடத்தோடு கலந்து வாழ ஒருவர் தீர்மானித்தாலும், ஊர் திரும்பும் உரிமை அவரை விட்டுப் போகாது. எங்கள் நாட்டிலும் 2016 ஓகஸ்ட் மாதம், மோதலால் இடம்பெயர்ந்தோருக்கான நிலையான தீர்வுகள் பற்றிய தேசியக் கொள்கையை அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. காகிதம் நல்ல காகிதம். ஆனால் விதானையாரின் கையில் இருக்கும் படிவத்தில் 'வசிக்கிறார்', 'வசிக்கவில்லை' என்று இரண்டே கட்டம்தான். 'வந்துகொண்டிருக்கிறார்' என்று மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு குடும்பம் இரு ஊரிலும் இருக்கலாம், அதுவரை எந்தப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுப்பதில்லை என்று விதித்தால் போதும். பணம் அதிகம் செலவாகாத சீர்திருத்தம் இது. ஏன் செய்யவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது, கேள்வி கேட்ட சகோதரிக்குத் தனியாகச் சில வார்த்தை.

தங்கச்சி, உங்கள் பெயர் பட்டியலில் வராமல் போனதற்குப் பக்கத்து வளவு முஸ்லிம் குடும்பம் காரணமில்லை. 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, தவணை தவணையாக வங்கியில் போடுவார்கள், பயனாளியே நின்று கட்ட வேண்டும். யாருக்கு முதலில் என்று புள்ளி போட்டார்கள். தங்கியிருப்போர் தொகை கூடினால் புள்ளி கூடியது. உங்களைப்போல் இரண்டு பிள்ளைகளோடு இருப்பவரும், தனித்த வயோதிபத் தாய்மாரும் சின்னக் குடும்பம் என்று பின்னுக்குப் போனார்கள். சண்டையில் ஆட்களைப் பறிகொடுத்ததால்தான் குடும்பம் சின்னதானது. அந்தக் காரணத்துக்கே புள்ளி குறைந்தால் அதை என்னவென்று சொல்வது! இதைத்தான் நாம் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். அடுத்து வரும் எந்தத் திட்டத்துக்கும் புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்று அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை நீங்களும் புத்தளத்திலிருந்து வந்தவரும் சேர்ந்து கேட்டால் குரல் பெரிதாகும்.

படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். காணாமற்போன கணவரின் பெயரை எழுதினால் கையொப்பம் கேட்பார்கள். எழுதாமல் விட்டால் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். தேடிக்கொண்டிருக்கும் கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க உங்களுக்கு மனம் வராது, எடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமையுமில்லை. 2016 இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெறலாம். அதை வைத்துக் குடும்ப அலுவல்களையும் சொத்து அலுவல்களையும் பார்க்கலாம், தேடுவதையும் தொடரலாம். நான் முன்பு சொன்ன 1998 ஆம் ஆண்டுக் கோட்பாடுகளிலும் ஒன்று நமக்காகவே எழுதியது போல் இருக்கிறது: ஆவணங்களைப் பெறும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம், பெண்ணுக்கு அவள் சொந்தப் பெயரிலேயே ஆவணம் கொடுக்கப்பட வேண்டும். கந்தோரில் யாராவது "அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

காணி பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இல்லாத காலத்தில் வேறொருவர் வளவில் இருந்து பத்து வருடம் கடந்துவிட்டால், ஆட்சி உரிமை அவருக்குப் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. 2016 இல் வந்த ஒரு விசேட சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதச் செயற்பாடுகளால் தன் காணிக்கு வழக்குப் பேச முடியாமல் போனவருக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட இடம் தந்தது. ஆனால் அதன் பயனைப் பெற இரண்டே வருட அவகாசம். புத்தளத்தில் இருந்த எத்தனை பெண்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்? இருந்தாலும் கைவிட வேண்டாம். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். பிறகு சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்டக் கந்தோரில் இலவசமாக ஆலோசனை கேளுங்கள்.

வன்னியிலும் மன்னாரிலும் அரச அனுமதிப்பத்திரக் காணியில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால் பெண்பிள்ளையை விட்டு ஆண்பிள்ளைக்குக் காணி போகும் ஒழுங்கு இருந்தது. 2022 இல் அதைத் திருத்திவிட்டார்கள். ஆண், பெண் என்ற பாகுபாடு எடுபட்டுவிட்டது. ஆனாலும் பின்னுரித்தாளர் பெயரை உயிரோடு இருக்கும்போதே பதிந்துவிடுங்கள்.

மன்னார் முசலிப் பக்கத்துச் சகோதரிகளின் துன்பம் வேறு விதம். இருபது வருடம் ஆளில்லாத ஊரில் காடு வளரத்தானே செய்யும்? மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்தில் 2012 இல் அதை வனமென்று வர்த்தமானியில் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்து பற்றை வெட்டியவர்களைக் காடழிப்பவர்கள் என்று தென்னிலங்கையில் பெரிய ஆரவாரம். அதே முசலியில், 2007 இல் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளம் தமிழ்க் கத்தோலிக்க மக்கள், ஊர் கடற்படை முகாமாகிவிட, பக்கத்துக் காட்டில் கொட்டில் போட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். இந்த விடயத்தில் இரு இனத்துப் பெண்களும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்களையும் இந்த இடத்தில் சேர்த்துக்கொள்கிறேன். அவர்களுடைய பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு "இந்தியாக்காரர்" என்று வகுப்பில் சிரிக்கிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் எடுக்காமல் வந்துவிட்டால், இங்கே அடையாள அட்டை எடுக்கும் வயதில் அலைச்சல் தொடங்கும். யாராவது இனி வரவிருந்தால் இதைச் சொல்லி அனுப்புங்கள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பெண்ணின் கதையும் இப்படித்தான். அங்கே அவள் 'யாழ்ப்பாணத்து அகதி', இங்கே வந்தால் 'புத்தளத்தாள்'.

கடைசியாக, எங்கள் பக்கத்து மாதர் சங்கமொன்று செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். திரும்பி வந்த குடும்பங்களில் மூன்று வீடு பூட்டியிருந்தது. பெயர் வெட்டப்படப் போகிறது என்று கேள்விப்பட்டதும், அயல் வீட்டுத் தமிழ்ப் பெண்கள் நால்வரும் முஸ்லிம் பெண்கள் இருவரும் சேர்ந்து விதானையாருக்குக் கடிதம் எழுதினார்கள். முதலாவது வீட்டுக்காரி மகனின் சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை புத்தளத்தில், முடிந்ததும் வந்துவிடுவார். இரண்டாவது வீட்டுக்காரி தாயின் சத்திரசிகிச்சைக்காகப் போயிருக்கிறார், திறப்பு எங்களிடம். மூன்றாவது வீட்டுக்காரர் இரண்டு வருடமாக வரவேயில்லை, அது எங்களுக்குத் தெரியாது. இப்படி உள்ளதை உள்ளபடி எழுதிக் கையொப்பம் வைத்தார்கள். மூன்றாவது வீட்டைப் பற்றி உண்மையை எழுதியதால்தான் முதல் இரண்டையும் விதானையார் நம்பினார் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு பெயரும் பட்டியலில் நின்றன. மூன்றாவது பெயர் எடுபட்ட இடத்துக்கு, இரண்டு பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருந்த ஒரு தமிழ்ச் சகோதரியின் பெயரைச் சங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. கடிதத்தின் மாதிரி வேண்டுமென்றால் எங்கள் முகவரிக்கு எழுதுங்கள், பிரதி அனுப்பிவைக்கிறேன்.